விரல் நுனியின் அறிவு

பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்து நாள்தோறும் நோட்டு எண்ணும் எனக்கு, கள்ள நோட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் விரலே. நல்ல ஐந்நூறு ரூபாய் நோட்டில் அச்சு சற்றே மேடிட்டிருக்கும். மனிதனின் உள்ளங்கையிலும் விரல்களிலுமாகத் தொடுவுணர்வு நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 உள்ளனவாம்!

இயந்திரக் கைக்கும் இவ்வுணர்வை ஊட்ட முயல்கின்றனர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்சன், ஏடல்சன் என்னும் இருவர் 2009-இல் வெளியிட்ட முறை விந்தையானது. ரப்பர் போன்ற தெளிந்த திண்டில் பொருள் அழுந்த, அங்கே பதியும் தடத்தை உள்ளிருக்கும் காமிரா படித்துவிடுகிறது. தொடுதலையே பார்வையாக்கிய தந்திரம்!

என் அன்னையார் செய்வதோ இதற்கு நேர்மாறு. பார்வை மங்கிய அவர், சென்ற விடுமுறையில் என் மகளின் முகத்தைத் தடவி, "அட, உன் தாத்தா மூக்கல்லவா இது!" என்றார். நாக்பூரிலிருந்து வாரந்தோறும் தொலைபேசியில் பேசியும் அவருக்கு எட்டாதிருந்த செய்தி அது.

இவ்வாண்டு விடுப்பு இன்னும் கிடைத்தபாடில்லை.