ஸ்ஸ்ஸ்

ராத்திரி ஒன்றரை. சத்தம் எங்கிருந்து? மெஷினா, குழாயா, மாஸ்க்கா, என் வாயா? நாலும் நாலு தினுசு.

தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் மாஸ்க் வழியே காற்றை ஊதும் சிபேப் மெஷின் என்னுடையது. இப்போதைய மெஷின்கள் 30 டெசிபலுக்குள் என்கிறார்கள். கிசுகிசுப்பு அளவு. ஆனால் மர அலமாரிமேல் வைத்தால் உறுமுகிறது. அடியில் பழைய மவுஸ் பேடு ஒன்றைச் செருகினேன். அடங்கிவிட்டது. அலமாரியும் கூடவே பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

மாஸ்க்கின் முன்னால் பொடிப்பொடி ஓட்டைகள். அந்த ஸ்ஸ்ஸ் அங்கிருந்துதான். கோளாறு இல்லை. விடுகிற மூச்சின் கரியமில வாயு போக வேறு வழி கிடையாது.

கிளினிக்கில் எனக்கு முன்னால் இருந்தவர், அதை டேப் ஒட்டி அடைத்துவிடலாமா என்று கேட்டார். டெக்னீஷியன் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் ஓட்டைக் காற்று மனைவி கழுத்தில் அடிக்கும்.

“ஏங்க, அந்தப் பக்கம் ஊதுங்க.”

விளிம்பில் கசிந்தால் ‘புர்ர்’. பையனுக்கு ஒரே சிரிப்பு.

வாரை இறுக்க இறுக்கக் கசிவு கூடும். தளர்த்தி, மாஸ்க்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, குஷன் காற்றில் உப்பியதும் மெல்ல உட்கார வைத்தால் நிற்கிறது. படுத்துக்கொண்டுதான் வாரைச் சரிபார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற முகம் வேறு, படுத்த முகம் வேறு.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், எதுவானாலும் மாஸ்க்கின் சிலிக்கோன் வழுக்கும். எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை. மெஷினின் ஆப்பில் கசிவுக் கோடு ஏறியிருப்பதும் சனிக்கிழமை.

மீசையை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாகப் பொருந்தும் என்றார் டாக்டர். மழை வருமா என்று கேட்டேன்.

குழாயில் களகள. ஏசி அறை, உள்ளே ஈரக்காற்று, தண்ணீர் கோத்துக்கொள்கிறது. மூக்கில் ஒரு குளிர்ந்த சொட்டு விழுந்தால் மார்கழி. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய்க்கு உறை வேண்டும். பழைய சுங்குடிப் புடவையை மூன்று மடிப்பாக வைத்து அவளே தைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரியே இல்லை இப்போது.

இந்த மெஷினின் தொடக்கம்: 1980, சிட்னி. காலின் சல்லிவன் என்ற மருத்துவர். வாக்குவம் கிளீனர் மோட்டார், உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி. மாஸ்க்கை முகத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். 1981இல் லான்செட்டில் கட்டுரை: ஐந்து நோயாளிகள்.

பக்கத்தில் படுத்திருந்தவர்களை யாராவது கேட்டார்களா?

2021 ஜூன். பிலிப்ஸ் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு பொடிந்து மூச்சோடு போகலாம் என்று பயம். அந்தப் பஞ்சை வைத்ததே சத்தத்தைக் குறைக்கத்தான்.

என் அழுத்தம் 11. தண்ணீர் மட்டக் கணக்கு, சென்டிமீட்டரில். ஏறக்குறைய ஒரு டம்ளர் உயரம். அவ்வளவு காற்றுதான் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிறது.

வாய் திறந்துகொண்டால் மூக்கில் போன காற்று வாய்வழியே ஓடிவிடும். தாடைப் பட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பல்வலிக்காரன் கோலம்.

ஃபில்டர் சாம்பல் நிறம். தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தூசி அடைத்தால் மோட்டார் முனகும்.

அவளுக்குக் காதில் வைக்கிற பஞ்சு வாங்கி வந்தேன். நல்ல வகை. ஆரஞ்சு நிறம். டப்பா பிரிக்காமல் மருந்து டிராயரில் கிடக்கிறது.

கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேனும் விளக்கும் மட்டும். மெஷின் நின்றது. நான் எழுவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பத்து நொடி மூச்சு நின்றாலே கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் கடுமை. டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

“நான் இருபது வரைக்கும் எண்ணுவேன் டாக்டர். அப்புறம் தோள்ல தட்டுவேன்.”

எத்தனை வருஷமாக என்று அவர் கேட்கவில்லை. நானும்தான்.

சீலிங் ஃபேனில் ஒரு ‘டக்’. சுற்றுக்கு ஒரு தரம். குறட்டை இருந்தவரை ரெண்டு பேருக்கும் கேட்டதில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பேரிங் போயிருக்காம். புது ஃபேனே வாங்கிடுங்க சார் என்கிறார்.