எல் திருகு

முட்டுக்காடு பாலத்தில் என் அக்கா மகன் விழுந்ததற்குக் காரணம் அவன் இல்லை, நான்தான். இதை இத்தனை நாள் அவனிடம் மறைத்துவிட்டேன்.

என் ரோடு சைக்கிளை எந்தக் கடைக்கும் கொடுக்காமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை அதிகம். வீடு கடலை ஒட்டி இருக்கிறது. உப்புக்காற்றில் கியர் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. லீவரைத் தட்டும்போது கேபிள் சிக்கிச் சிக்கி நகரும், செயின் பெரிய பற்சக்கரத்தில் ஏற மறுக்கும். பின்சக்கரத்தின் 11 கியர் கேசட்டில் ஒரு பற்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லிமீட்டர்கூட இல்லை. கேபிள் இழுக்க வேண்டிய அளவு கொஞ்சம் தவறினாலும் கியர் விழாது. கேபிளையும் உறையையும் மாற்றுவதுதான் அதற்கு வைத்தியம். ஆனால் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்து, உறையை அளந்து வெட்டி, மறுபடி டேப் சுற்ற வேண்டும். எனக்குச் சோம்பல்.

பதிலுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். செயினை நகர்த்தும் ரியர் டிரெய்லியரில், அதாவது ஆர்.டி.யில், எச், எல் என்று இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. ஆர்.டி. சக்கரக் கம்பிகள் பக்கமாக எதுவரை போகலாம் என்று எல்லை கட்டுவது எல் திருகு. கேபிள் சிக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரிந்தும் அதைத் தளர்த்தினேன், கேபிளை இறுக்கும் பாரல் அட்ஜஸ்டரையும் முறுக்கினேன். ஸ்டாண்டில் வைத்துப் பெடலைச் சுற்றியதும் செயின் ஏறிவிட்டது. செயின் பெரிய பற்சக்கரத்தில் இருக்கும்போதே ஆர்.டி.யைக் கையால் உள்ளே தள்ளிப் பார்த்தால், எல்லை பிடிக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் தள்ளிப் பார்க்கவில்லை. மறந்துபோய் அல்ல. தள்ளினால் வேலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும் என்று பயந்தேன்.

அந்த வண்டியைத்தான் அவனுக்குக் கொடுத்தேன். பாலத்தில் எதிர்க்காற்று. லீவரை முழுதாகத் தள்ளியிருக்கிறான். செயின் பெரிய பற்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் போய்விட்டது. ஆர்.டி. சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, அவன் ரோட்டில் கிடந்தான். முழங்கை நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. பின்னால் பஸ் ஏதும் வராதது அவன் அதிர்ஷ்டம்.

"மாமா, நான்தான் தப்பா கியர் மாத்திட்டேன் போல" என்றான்.

"ஏத்தத்துல பெடலை அழுத்திக்கிட்டே மாத்தினா இப்படித்தான்டா ஆகும்" என்றேன்.

அதற்கு முன்பே உடைந்த ஆர்.டி.யை என் கையில் வாங்கியிருந்தேன். எல் திருகு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்த்தும் இருந்தேன். புரிந்த பிறகுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். கைகள் கறுத்து மெக்கானிக் மாதிரி நிற்பவன் என்று அவன் கண்ணில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதைக் காப்பாற்ற ஒரு சின்னப் பையன் தலையில் பழியைப் போட்டேன். வண்டியைக் கெடுத்ததை விட இதுதான் என்னால் தாங்க முடியாதது. புது ஆர்.டி.க்கு என்று பாக்கெட் மணியிலிருந்து அவன் கொண்டுவந்து நீட்டிய பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் சைக்கிள் கேட்கவே இல்லை. ஓட்டுகிறாயா என்றால், "வேணாம் மாமா, எனக்குக் கியர் வராது" என்கிறான்.

வரும்டா. அன்றைக்கு நீ மாற்றியது சரியான கியர், மாற்றிய விதமும் சரி. உன் பணத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று அவள் கேட்டாள், நடந்ததைச் சொன்னேன்.