பத்து வோல்ட் எங்கே போச்சு?

கோபுர வாசலுக்கு ஏறும் சாய்தளத்தில் பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டிருந்தது. எட்டுப் பேர் உட்காரும் பேட்டரி கார். பின்னால் இருந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் ஒரு பாட்டி மட்டும் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நடக்க முடிஞ்சா நான் ஏன் இதுல ஏறப்போறேன்?" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொன்னார். வண்டியின் முதுகில் உபயதாரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் தங்க எழுத்தில் மின்னின.

காவிரிக்கரை ஊர், பழைய கோயில். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். திருச்சிப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் பேட்டரி கார் மெக்கானிக் ஒருவரோடு மூன்று நாள் சுற்றினேன். அறுபதை நெருங்குகிற வயது. தொழிற்சாலைக் கிடங்குகளில் ஓடும் மின்சார ஃபோர்க்லிஃப்டில் தொழில் கற்றவர். "ரெண்டும் ஒரே குடும்பம்தான் தம்பி. அது மூட்டையத் தூக்கும், இது ஆளத் தூக்கும்" என்றார்.

டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். பின்னால் உதவிக்கு ஒரு பையன், மடியில் பெட்டி. ஸ்பேனர்களின் கைப்பிடியெல்லாம் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. சட்டையின் அடிப்பகுதியில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். பீடி நெருப்போ என்று நினைத்தேன், ஆசிட் தின்றதாம். முதலில் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டார். மோதிர விரல் இரண்டு டெர்மினலுக்கு நடுவில் மாட்டினால் தங்கம் உருகி விரலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒருவருக்கு ஆனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

வண்டியைத் தொடவில்லை. டிரைவரைத்தான் கேட்டார்.

"திடீர்னு நின்னுச்சா, மெல்ல மெல்லப் போயி நின்னுச்சா?"

"மெல்லத்தாண்ணே. காலைல ரெண்டு டிரிப்பு நல்லாப் போச்சு. மூணாவதுல இழுக்கல. பத்து நிமிஷம் நிப்பாட்டி வச்சா திரும்பக் கொஞ்ச தூரம் போவுது."

"சார்ஜ் போடறப்ப வாடை ஏதும் வருதா?"

டிரைவர் யோசித்தார். "ஒரு வாரமா அழுகின முட்டை வாடை வருதுண்ணே. எலி செத்துக் கெடக்குன்னு நெனச்சோம்."

மெக்கானிக் பையனைப் பார்த்துத் தலையசைத்தார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆனால் அவர் எதையும் சொல்லிவிடவில்லை. கோயில் அலுவலகத்திலிருந்து வந்தவர்தான் தீர்ப்பு சொன்னார்: "கன்ட்ரோலர் போயிடுச்சுங்க. நெட்ல பார்த்தோம்."

கன்ட்ரோலர் என்பது இருக்கைக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பெட்டி. நாம் மிதிக்கும் அளவுக்கு ஏற்றபடி பேட்டரியின் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் துண்டாக நறுக்கி மோட்டாருக்கு அனுப்புவது அதன் வேலை. திறந்து பார்க்க முடியாது, விலை அதிகம். அதனாலேயே எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. முந்தின நாள் வேறொரு இடத்துக்குப் போயிருந்தோம். அங்கேயும் இதே கதை. புதுப் பெட்டிக்கு ஆர்டரே கொடுத்துவிட்டார்கள். பார்த்தால், ஷெட்டில் பொங்கல் தொன்னைகளைத் தேடி வந்த எலி, ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. இருபது நிமிட வேலை.

அதை அவர் கண்டுபிடித்தது காதால். பெடலை மிதித்ததும் இருக்கைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். காண்டாக்டர் என்ற பெரிய மின் ஸ்விட்ச் ஒட்டும் சத்தம் அது. சிலர் சொலினாய்டு என்பார்கள். சாவி, முன்-பின் ஸ்விட்ச், பெடல் ஸ்விட்ச் எல்லாம் சரியாக இருந்தால்தான் அதற்குள் இருக்கும் சுருளுக்கு மின்சாரம் போய் அது ஒட்டும். பல வண்டிகளில் சார்ஜர் பிளக் செருகியிருந்தாலும் ஒட்டாது. இப்படி ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காசு வாங்காமல் வந்த கதையும் அவரிடம் உண்டு. டக் வராவிட்டால் கோளாறு மெல்லிய ஒயர்களில். டக் வந்தும் வண்டி நகராவிட்டால் காண்டாக்டரின் கரிந்த முனையிலிருந்து மோட்டார் கார்பன் பிரஷ் வரை தடித்த கேபிள் போகும் பாதையில். "அந்த ஒரு சத்தம் வண்டியை ரெண்டா வெட்டிக் குடுத்துரும். ஒரு பாதியத் தூக்கி வீசிடலாம்" என்றார்.

இங்கே டக் வந்தது. தெளிவாக, திடமாக.

வண்டியை நிழலுக்குத் தள்ளி இருக்கையைத் தூக்கினார்கள். ஆறு பேட்டரி, ஒவ்வொன்றும் 8 வோல்ட், வரிசையாகக் கோத்தது, மொத்தம் 48. பெயருக்குத்தான் 48. ஒரு லெட்-ஆசிட் செல் நிறைந்திருந்தால் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இருபத்துநாலு செல் சேர்ந்தால் 51-ஐ ஒட்டி வரும். மீட்டரில் 49.7. "முக்கால்வாசி சார்ஜ் இருக்குன்னு சொல்லுது" என்றார். பிறகு ஒவ்வொரு பேட்டரியாக முனை வைத்தார். 8.3, 8.3, 8.3, 8.3, 8.3, கடைசியாக மூலையில் இருந்தது 8.2.

எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"பெட்ல படுத்திருக்கறவனப் பாத்து ஒடம்பு நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு தம்பி. மாடி ஏறச் சொல்லிப் பாக்கணும்ல?"

இந்த இடத்தில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டர் வைத்தால் நல்ல எண்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் அதனிடமிருந்து ஒன்றும் கேட்பதில்லை. மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் இதனால்தான்: தகட்டை ஒட்டிய ஆசிட் வேலை செய்து நீர்த்துப்போகிறது, விட்டுவைத்தால் சுற்றியிருக்கும் ஆசிட் மெல்லக் கலந்து தகட்டுக்கு மறுபடி தெம்பு வருகிறது. கொஞ்ச நேரத்துத் தெம்பு.

ஆக, ஓட்டிப் பார்க்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் முதலைக் கிளிப் மாட்டி, கன்ட்ரோலரில் பேட்டரி வந்து சேரும் இரண்டு முனையில் கடிக்கவிட்டார். மீட்டரை என் மடியில் வைத்தார். நானும் பையனும் இரண்டு காவலாளிகளும் சுமை. சமதளத்தில் 45. சாய்தளத்தில் ஏறியதும் 43, 41, 39.4. வண்டி முனகி நின்றது. கன்ட்ரோலரில் சின்ன விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டியது. மின்னழுத்தம் குறைவு என்பதற்கான கணக்கு அது. "பாவம், வோல்ட் பத்தலன்னு அது சொல்லிக்கிட்டேதான் இருக்கு. அதைத்தான் மாத்தப் போறாங்களாம்" என்றார்.

நிற்கும்போது 49.7, ஏறும்போது 39.4. பத்து வோல்ட் எங்கே போனது? இரண்டே இடத்தில்தான் போக முடியும்: பேட்டரிகளுக்குள், அல்லது அங்கிருந்து கன்ட்ரோலர் வரையுள்ள இணைப்புகளில், குறிப்பாகப் பேட்டரியையும் பேட்டரியையும் இணைக்கும் கேபிள் முனைகளில். கேபிள் முனை என்றால் நமக்கு அற்பமாகத் தெரிகிறது. நூறில் ஒரு பங்கு ஓம் தடை வைத்துக்கொள்வோம், வீட்டு ஒயரிங்கில் யாரும் கண்டுகொள்ளாத அளவு. இருநூறு ஆம்பியர் ஓடினால் அதில் 2 வோல்ட் போய்விடும். அந்த ஒரு முனையில் 400 வாட் சூடு. கேபிள் முனையில் அமுக்கியிருக்கும் உலோக லக் நீலம் பாரித்து, டெர்மினலின் ஈயமே உருகி வழிந்த வண்டிகளை அவர் பட்டறையில் பார்த்தேன்.

இரண்டாவது ஓட்டத்தில் புறங்கையை ஒவ்வொரு முனைக்கும் கிட்டே கொண்டுபோனார், தொடாமல். நாலாவது முனையில் கை நின்றது. உப்பு பூத்திருந்தது, வெளிர்நீலத்தில். சோடா உப்பு கரைத்த சுடுநீர் ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியது. லக்கை வெட்டிவிட்டுப் புதுசு அமுக்கி, நட்டை முறுக்கி, வாசலின் தடவினார்கள். ஒரு வோல்ட் திரும்பி வந்தது. பையன் முகத்தில் சந்தோஷம். அவர் முகத்தில் இல்லை.

"ஒண்ணு கெடைச்சதும் நிறுத்திருவான் பாருங்க, அவனுக்கு மறுநாள் திரும்பப் போன் வரும்."

இப்போது மீட்டர் ஒவ்வொரு பேட்டரியாக மாறியது. ஆறு முறை சாய்தளம். ஐந்து பேட்டரிகள் 7.7-ஐ ஒட்டியே நின்றன. மூலையில் இருந்த ஆறாவது, நிற்கும்போது 8.2 காட்டிய அதே பேட்டரி, சமதளத்திலேயே 5.4-க்கு விழுந்தது. ஏற்றத்தில் 2. பிறகு 0.9. வண்டி நிற்பதற்கு முன் ஒரு கணம் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு தோன்றியது. நான் மீட்டரைத் தட்டினேன்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. மைனஸ்" என்றார். "மத்த அஞ்சும் சேந்து அதைப் பின்னால தள்ளுது. பல்லக்குத் தூக்கற அஞ்சு பேரும் ஆறாவது ஆளையும் சேத்துத் தூக்கற மாதிரி."

மூடிகளைக் கழற்றினார்கள். மற்ற பேட்டரிகளில் டார்ச் அடித்தால் தண்ணீர் மினுங்கியது. மூலைப் பேட்டரியின் பின்பக்க இரண்டு செல்லில் மினுக்கமே இல்லை. தகடுகள் வெளியே தெரிந்தன, சாம்பல் பூத்து, காய்ந்த ஆற்றுப்படுகை மாதிரி. ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்ச அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீரில்லாமல் ராத்திரி முழுவதும் சார்ஜில் வெந்ததுதான் அந்த முட்டை வாடை.

ஏன் அந்த இரண்டு செல் மட்டும்? டிரைவர் வெட்கத்தோடு காட்டினார். இருக்கையின் இரும்புச் சட்டம் அந்த மூலையில் சரியாக மூடிகளுக்கு மேலே வருகிறது. புனல் நுழையாது. யார் தண்ணீர் ஊற்றினாலும் கைக்கு எட்டிய இருபத்திரண்டு ஓட்டையில் ஊற்றிவிட்டு எழுந்திருக்கிறார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வேலை ஓட்டுவது. தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. லட்சக்கணக்கில் வண்டி உபயம் கொடுக்க ஆள் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் கேனுக்கு உபயதாரர் கிடையாது, அதில் பெயர் எழுத இடமும் இல்லை.

இந்த வண்டிகளின் பூர்வீகம் அமெரிக்க கோல்ஃப் மைதானம். 1950-களில் அங்கே பரவத் தொடங்கி, ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் பெரிய தொழிலாக வளர்ந்தது. 1954-ல் தொடங்கிய ஈ-இஸட்-கோ அங்கேதான் பிறந்தது. இரண்டு பேர், இரண்டு மட்டைப் பை, புல்வெளி, பந்தை அடிக்கும்போதெல்லாம் ஓய்வு. அந்தக் குடும்பத்து வண்டிதான் இங்கே வைகுண்ட ஏகாதசிக்கு எட்டுப் பேரோடும் கூடைகளோடும் கருங்கல் சாய்தளம் ஏறுகிறது. கோல்ஃப் கார் என்று இங்கே யாரும் சொல்வதும் இல்லை.

புதுப் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்ததே என்றேன். கூடாதாம். நாலு வருஷம் ஓடிய ஐந்து பேட்டரிகளுக்கு நடுவில் புதுசு ஒன்றைக் கோத்தால், பழசுகளுக்காக ஓடும் சார்ஜ் அதை வறுக்கும். ஆறும் மாற்ற வேண்டும், அல்லது அதே வயதில் ஒன்று தேட வேண்டும். அவர் பட்டறையில் அப்படி ஒன்று இருந்தது. ஏறக்குறைய முப்பது கிலோ, டி.வி.எஸ். ஐம்பதின் கால் வைக்கும் இடத்தில் வந்தது. மற்ற செல்களுக்கும் தண்ணீர் விட்டார்கள், தகடு மூழ்கும் வரை மட்டும். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் மீதியைச் சார்ஜுக்குப் பிறகு விட வேண்டும். பையன் ஆஸ்பத்திரி டிரிப் குழாய் ஒன்றைப் புனலில் செருகி, சட்டத்துக்கு அடியில் வளைத்து மூலை மூடி வரைக்கும் எட்டவைத்தான். டிரைவர் அதை வாங்கி மூன்று முறை எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை அதே சாய்தளம், அதே நாலு பேர் சுமை. என் மடியில் மீட்டர் 46-க்குக் கீழே இறங்கவில்லை.

அலுவலகத்தில் பில் கேட்டார்கள். முதல் நாள் பகல் முழுக்கத் தேடியதற்குத்தான் அவர் கூலி. மாற்றியது ஒரு பழைய பேட்டரி, ஒரு லக். "கண்டுபிடிச்சதுக்குன்னு போட்டா ஆடிட்ல நிக்காதுங்க. பொருள் பேரு வேணும்" என்றார் உள்ளே இருந்தவர், மரியாதையாகத்தான். வெளியே வந்து பையன் பில் புத்தகத்தைத் தொடைமேல் விரித்தான்.

"லக் ஒண்ணுன்னு எழுதட்டாண்ணே?"

மெக்கானிக் வாட்சைக் கட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பன்னெண்டுன்னு எழுது."