திரும்பி வந்தால் பணம் வாபஸ்!

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறியதும் நான் செய்த முதல் தப்பு, 200 ரூபாய் நோட்டை நீட்டியது. கண்டக்டர் நோட்டை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துப் பின்பக்கம் '150' என்று கிறுக்கினார். "இறங்கும்போது வாங்கிக்குங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஜன்னல் சீட் கிடைத்து என்ன பிரயோஜனம்? வெளியே மலையும் வெயிலும் வந்து வந்து போகின்றன. என் கண் மட்டும் கண்டக்டரின் தோல் பையிலேயே இருக்கிறது. அவர் முன்படிக்குப் போனால் எனக்குக் கழுத்து முன்னால் போகிறது. பின்படிக்கு வந்தால் பின்னால் திரும்புகிறது. பணம் என்னுடையதுதான். ஆனால் என்னிடம் இல்லை. திரும்பி வரும்தான். ஆனால் வருகிறவரை நிம்மதி இல்லை.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. ரீஃபண்டபிள் டெபாசிட். அந்த விவகாரமாகத்தான் பயணமே. புதுச்சத்திரத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் பெரியப்பா முந்தின நாள் போன் பண்ணியிருந்தார்.

"கண்ணு, நீ பி.காம். படிச்சவன். ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பாரம் ரொப்போணும். வந்துட்டுப் போ."

பி.காம். படித்தவனை வேலைக்குக் கூப்பிட யோசிப்பார்கள். ஃபாரம் நிரப்ப மட்டும் யோசிக்காமல் கூப்பிடுவார்கள்.

மல்லூர் தாண்டினால் நம்ம ஊர்ச் சமவெளி விரிகிறது. குச்சிக்கிழங்குக் காடு, ஜவ்வரிசி ஆலைக் களம், களத்தில் வெள்ளை வெளேரென்று காயும் மாவு, கூடவே ஒரு புளித்த வாசனை. ஆண்டகளூர் கேட் நெருங்கும்போது இடது பக்கம் கொல்லிமலை நீலமாக எழுந்து நிற்கும். 1997 ஜனவரி 1-ஆம் தேதி வரை இதெல்லாம் ஒரே சேலம் ஜில்லா. அன்றைக்கு நாமக்கல் தனிக்குடித்தனம் போனது. போகும்போது முட்டையையும் லாரியையும் சீதனமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. மாம்பழமும் வெள்ளிக் கொலுசும் சேலத்துக்கே மிச்சம்.

ரோட்டில் எங்கள் பஸ்ஸை ஒரு ரிக் வண்டி முந்தியது. திருச்செங்கோட்டு போர்வெல் லாரி. கவனித்திருக்கிறீர்களா? இந்த ஊர் ஆசாமிகள் நிற்கிற இடத்தில் நிற்க மாட்டார்கள். நாமக்கல் டிரைவர் வண்டி எடுத்தால் காஷ்மீர் வரை போவார். ரிக் வண்டிக்காரர்கள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று மாசக்கணக்கில் துளை போடுவார்கள். ஆப்பிரிக்கா வரைக்கும் திருச்செங்கோட்டு வண்டிகள் போயிருக்கின்றன. வைகாசி விசாகத் தேருக்கு மட்டும் எப்படியாவது ஊர் திரும்பத் துடிப்பார்கள். அதற்கு யாரும் டெபாசிட் வாங்கியதில்லை.

பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, விஷயத்துக்கு வந்தார்.

தங்கச்சி மெல்போர்னில் இருக்கிறாள். பேத்திக்கு மூன்று வயசு. பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்தக் குழந்தையைப் போன் கண்ணாடிக்குள்ளேதான் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்கும் தாத்தா என்றால் பாதி நெற்றியும் ஒரு மின்விசிறியும்தான். போனைப் பிடிக்கிற லட்சணம் அப்படி!

மாப்பிள்ளை அங்கே நிரந்தரக் குடியுரிமை வாங்கியவர். குடும்பத்தார் ஸ்பான்சர் செய்கிற விசா வகையில் கூப்பிட ஏற்பாடு செய்திருந்தார். அதில் ஒரு ஷரத்து. அரசாங்கம் கேட்டால், கூப்பிடுகிறவர் ஜாமீன் தொகை கட்ட வேண்டும். 5,000 டாலரிலிருந்து 15,000 டாலர் வரை கேட்கலாம். வந்தவர்கள் கெடுவுக்குள் ஒழுங்காகக் கிளம்பிவிட்டால் பணம் வாபஸ். தங்கிவிட்டால் பணம் கோவிந்தா.

"மாப்பிள்ளை என்ன சொல்றாருங்க?" என்றேன்.

"ஆளுக்குப் பத்தாயிரம் கேட்டாலும் கேப்பாங்க, நான் கட்டிக்கறேன் மாமாங்கறாரு." பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் எந்த ஸ்டேஷன்ல உக்காந்திருக்கறேன், எனக்கு ஜாமீன் எடுக்கறதுக்கு? அதுவும் மாப்பிள்ளை எடுக்கறதா?"

கோபத்தின் முகவரி புரிந்துவிட்டது. நம்ம பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்வார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடவே யோசிப்பார். அந்த மாப்பிள்ளை தனக்காகப் பல லட்சத்தை முடக்கி, 'எங்க மாமனார் ஓடிப்போக மாட்டாருங்க' என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதா?

சமாதானப்படுத்த நினைத்து நான் என் உலக ஞானத்தை அவிழ்த்துவிட்டேன்.

"பெரியப்பா, உங்களை மட்டும் கேக்கலைங்க. 2000-லயே இங்கிலாந்து, நம்ம பக்கத்துலருந்து வர்றவங்ககிட்ட 10,000 பவுண்டு ஜாமீன் வாங்கலாம்னு பார்த்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் விட்டுட்டாங்க. 2013-ல மறுபடியும் ஆரம்பிச்சாங்க. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நைஜீரியா, கானா, ஆறு நாட்டுக்காரங்கள்ல சந்தேகப்படறவங்ககிட்ட மட்டும் 3,000 பவுண்டுன்னு திட்டம். உள்துறை அமைச்சர் தெரசா மே. நம்ம அரசாங்கம் முகம் சுளிச்சுது. அவங்க ஊர்லயே சண்டை. அந்த நவம்பர்லயே ஊத்தி மூடிட்டாங்க."

"ஆஸ்திரேலியாக்காரன் மூடலையே?"

"இல்லைங்க. அமெரிக்காவும் புதுசாத் தொறந்திருக்கு. 2025 ஆகஸ்ட் 20-லருந்து மலாவி, ஜாம்பியா நாட்டுக்காரங்க சுத்திப் பார்க்கப் போகணும்னா 5,000, 10,000 இல்லே 15,000 டாலர். எவ்வளவுன்னு விசா அதிகாரி முடிவு பண்ணுவார். அப்புறம் பட்டியல் நீண்டுச்சு. 2026 ஜனவரியில நேபாளம், வங்கதேசம் எல்லாம் உள்ள வந்தாச்சு. அந்தப் பட்டியல்ல நம்ம பேர் இல்லை."

இன்னொரு வேடிக்கையும் சொன்னேன். அந்த அமெரிக்கத் திட்டத்தில் ஆரம்பத்தில் பாஸ்டன், நியூயார்க் கென்னடி, வாஷிங்டன் டல்லஸ் என்று மூன்றே விமான நிலையங்கள். அதில்தான் இறங்க வேண்டும், அதில்தான் கிளம்ப வேண்டும். முன்படியில் ஏறியவர் பின்படியில் இறங்கினால் பாக்கி கிடைப்பது சிரமம். நம்ம பஸ் சட்டம்தான்!

பெரியப்பா சிரிக்கவில்லை. "நம்ம முட்டை போச்சே, அதுக்கு ஜாமீன் கேட்டாங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. 2025 ஜூனில் நாமக்கல்லிலிருந்து சுமார் ஒரு கோடி முட்டை கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே பறவைக் காய்ச்சலில் முட்டைத் தட்டுப்பாடு. ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டார்களே தவிர, ஜாமீன் கேட்கவில்லை. திரும்பி வராது என்று தெரிந்தே உள்ளே விட்ட ஒரே பிரயாணி நாமக்கல் முட்டையாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து முட்டை ஏற்ற ஒரு வேன் வந்தது. வேன்காரரிடம் பெரியப்பா கண்டிப்பாகச் சொன்னார்: "போன வாரத்து டிரே நாப்பது வரோணும். வந்தாத்தான் டெபாசிட்டத் தருவேன்."

நான் லேசாக இருமினேன்.

"என்ன கண்ணு?"

"இல்லைங்க... நீங்களும் டெபாசிட் வாங்கறீங்களே. போன டிரே திரும்பணும்னுதானே? அவங்களும் அதைத்தானே கேக்கறாங்க. விசா முடிஞ்சும் தங்கிடறவங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க. தேடிப் பிடிச்சு அனுப்பறது அவங்களுக்கும் செலவு. டாஸ்மாக் பாட்டிலுக்கே பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் குடுத்தாத் திருப்பித் தர்றாங்க. 2022-ல நீலகிரியில ஆரம்பிச்சது. உடைஞ்ச பாட்டில் யானை காலைக் கிழிக்குதுன்னு கோர்ட்டுக்குப் போய் வந்த ஏற்பாடு அது."

பெரியப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிரேக்கு வீடு இல்லை கண்ணு. பாட்டிலுக்கு ஊரு இல்லை. வெச்ச எடத்துல கெடக்கும். அதனால பணம் வாங்கறோம். எனக்குப் பதினஞ்சாயிரம் கோழி இருக்குது. நாலு நாள் நான் இல்லீன்னா தீவனக் கணக்கு எங்க போகும்னே தெரியாது. வெடிஞ்சா முட்டை வெலை என்னன்னு பார்க்காம எனக்குப் பல்லு வெளக்க வராது. நான் போயி மெல்போர்ன்ல ஒளிஞ்சுக்குவனா?"

பதில் சொல்ல முடியவில்லை. எந்த நாட்டு ஃபாரத்திலும் வங்கி இருப்பு கேட்கிறார்கள், சொத்து மதிப்பு கேட்கிறார்கள். 'விடிந்ததும் முட்டை விலை பார்க்காவிட்டால் உமக்கு என்ன ஆகும்?' என்று ஒரு கட்டம் இல்லை. அமெரிக்காவின் 1952-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. சுற்றிப் பார்க்க வருகிறவர் தங்கிவிடத்தான் வருகிறார் என்று முதலில் வைத்துக்கொள். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு என்கிறது. மனுஷனைத் திரும்ப இழுக்கிற கயிறு எது என்று நிரூபிக்க எந்த ஜெராக்ஸ் கடையில் காப்பி எடுப்பது?

"சரி, மாப்பிள்ளை கட்ட வேண்டாம். பணத்தை நானே பொரட்டி பாப்பாவுக்கு அனுப்பிடறேன். அவங்க பேருல கட்டிக்கட்டும். திரும்பித்தான் வரப்போகுது, என்ன நட்டம்?" என்றார்.

இங்கேதான் என் பி.காம். எழுந்து உட்கார்ந்தது. பேப்பரை எடுத்தேன்.

ஆளுக்கு 10,000 டாலர், இரண்டு பேருக்கு 20,000. நம்ம பணத்தில் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வரும். பெரியப்பாவிடம் ரொக்கம் இல்லை. இருப்பதெல்லாம் கூண்டில் கொக்கரிக்கிறது. ஆக, கடன். நம்ம ஊர் வழக்கப்படி இரண்டு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாசம் இரண்டு. பன்னிரண்டு லட்சத்துக்கு மாசம் 24,000. போவதற்கு முன்னால் ஒரு மாசம், அங்கே மூன்று மாசம், வந்தபின் பணம் கைக்கு வர ஒரு மாசம். ஐந்து மாசத்துக்கு 1,20,000 ரூபாய்!

"பணம் திரும்பி வருங்க பெரியப்பா. வட்டி திரும்பி வராது."

ஆபீஸில் லோன் போட்டிருக்கும் நண்பர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கணக்குப் புத்தகத்தில் டெபாசிட் என்பது சொத்துப் பக்கம் வரும். கையில் பணம் இருப்பவனுக்கு அது சரி. அவன் எடுத்து வைப்பான், வந்ததும் வாங்கிக்கொள்வான். கடன் வாங்கிக் கட்டுகிறவனுக்கு அதே டெபாசிட் செலவுப் பக்கம் வந்துவிடுகிறது. திரும்பி வருவானா மாட்டானா என்பதை அந்தப் பணம் சோதிக்கவே இல்லை. பணக்காரனா இல்லையா என்பதைத்தான் சோதிக்கிறது. தங்கிவிடவே தீர்மானித்தவன், போனால் போகட்டும் என்று அதையும் டிக்கெட் செலவோடு சேர்த்துக்கொள்வான். ஒழுங்காகத் திரும்புகிற பெரியப்பா வட்டி கட்டுவார்.

பேப்பரை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப வேண்டாம் உடு. பாப்பா லீவு போட்டு வரும்போது பார்த்துக்கலாம்."

கொட்டகையில் கோழிகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. அதுவரை வாய் திறக்காமல் கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"என்ன?"

"பொண்ணையே அந்தப் பையன் கையில புடிச்சுக் குடுத்தமே. திருப்பிக் கூட்டிட்டு வருவேன்னு எழுதி வாங்குனமா? எத்தனை டெபாசிட் வாங்குனோம்? நம்பித்தானே அனுப்புனோம்? இப்ப அந்தத் தம்பி நம்மள நம்பிப் பணம் கட்டறேங்குது. அதுல உங்களுக்கு என்னங்க கொறைச்சல்?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் என்று நினைக்கிறேன். எழுந்து கொட்டகைப் பக்கம் போய், ஒரு வரிசைக் கூண்டை ஒன்றுமில்லாமல் பார்த்துவிட்டு வந்தார்.

"பேனா வெச்சிருக்கியா கண்ணு?"

எழுத ஆரம்பித்தோம். பெயர், பிறந்த தேதி, தொழில். 'எத்தனை நாள் தங்க உத்தேசம்?' என்ற இடத்தில் நான் மூன்று மாசம் என்று எழுதப்போக, பெரியப்பா கையைப் பிடித்தார். "ரெண்டு போடு. புதுக் குஞ்சு எறக்கோணும்." உள்ளேயிருந்து பெரியம்மா, "மூணே போடு கண்ணு, குஞ்சு ஓடிப்போகாது" என்றார். மூன்றே போட்டேன். வீட்டில் விசா அதிகாரி யார் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெரியப்பா கேட்டார்: "ஆமா, நான் போற மூணு மாசம் பண்ணையை யாரு பார்க்கறது? நீதான் வரோணும். பதினஞ்சாயிரம் உசுரு. உங்கிட்ட எத்தனை டெபாசிட் வாங்கட்டும்?"

"நம்புங்க பெரியப்பா!"

"சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சில்லறை இருக்குதா?"

சட்டைப் பையில் கை விட்டேன். காலையில் வாங்கிய டிக்கெட் வந்தது. திருப்பினேன். '150'.

கொல்லிமலையையும் ரிக் வண்டியையும் பராக்குப் பார்த்துக்கொண்டே பாக்கி வாங்காமல் இறங்கியிருக்கிறேன்!

பெரியப்பா அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மிணி, பாப்பாவுக்குப் போன் போடு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லச் சொல்லு. நான் கரெக்டா வந்து சேர்ந்துடுவேன். ஆனா அவரு பணத்தைத் திருப்பி வாங்க மறந்துடப் போறாரு. படிச்சவங்களை நம்ப முடியறதில்லை!"