ஆயில் குடிக்கும் ஆம்னியும் ஆளுக்கொரு யோசனையும்

நாமக்கல் பக்கம் வந்து யாருகிட்ட வேணா இன்ஜின் ஆயில் பத்திக் கேட்டுப் பாருங்க மக்களே, பதில் இல்லாம திரும்ப மாட்டீங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கற பத்துப் பேருல ஒருத்தர் லாரி ஓனரா இருப்பாரு. ஒருத்தர் கேஸ் டேங்கர் ஓட்டுவாரு. இன்னொருத்தர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஒடிசா, ராஜஸ்தான்னு போர் போட்டுட்டு வந்திருப்பாரு. மிச்சப் பேரு முட்டை வியாபாரம், அவங்களும் வண்டி வச்சிருப்பாங்க :-) ஊரு முழுக்க நிபுணருங்க. என்ன சிக்கல்னா, ஆளுக்கொரு ஆயில் சொல்லுவாங்க.

சேந்தமங்கலத்துல இருக்கற எங்க சித்தப்பா மாட்டிக்கிட்டது இப்படித்தான். அவருகிட்ட ஒரு மாருதி ஆம்னி இருக்கு. 2003 மாடல், 2,30,000 கிலோமீட்டரைத் தாண்டிடுச்சு. வாரத்துல மூணு நாள் முட்டை அட்டையை அடுக்கிக்கிட்டு காரவள்ளி வழியா கொல்லிமலை ஏறி, செம்மேட்டுக் கடைகளுக்குப் போட்டுட்டு, வரும்போது அன்னாசியோ வாழைத்தாரோ ஏத்திட்டு வருவாரு. அந்த ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. பெரும்பாலும் ஒண்ணாவது, ரெண்டாவது கியருதான். இன்ஜினுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை வேற வேண்டியதில்ல.

வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது. மலை ஏறி நிறுத்தினதும் ஆயில் லைட்டு வேற மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்குது. மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு, "இன்ஜின் வேலைதாங்க. போர் பண்ணி பிஸ்டன், ரிங்கு மாத்தணும். இருபத்தஞ்சு ஆகும். இல்லாட்டி 50 ஊத்தி கொஞ்ச நாள் ஓட்டுங்க"ன்னுட்டாரு. லாரி வச்சிருக்கற எங்க மாமா, "எதுக்கு மச்சான் வம்பு, என் பேரல்ல இருக்கற 15டபிள்யூ-40 ரெண்டு லிட்டர் புடிச்சு ஊத்து"ன்னாரு. பெங்களூர்ல வேலை பாக்கற தம்பி போன்ல, "முழு சிந்தெட்டிக் 5டபிள்யூ-30 போடுங்கப்பா, இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும்"னான்.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டாரு. "ஏன் கண்ணு, நீதான் நெட்டுல என்னென்னமோ படிக்கறயே, இதுல எதை ஊத்தறதுன்னு பாத்துச் சொல்லு சாமி. பாப்பா காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருக்கற காசுல கை வைக்கச் சொல்றாங்க." அந்தக் கடைசி வரிதான் என்னை உக்காந்து படிக்க வச்சுது.

மொதல்ல டப்பா மேல இருக்கற நம்பரைப் பாத்துருவோம். டபிள்யூங்கறது வின்டர், அதாவது குளிர்காலம். 20டபிள்யூன்னா மைனஸ் 15 டிகிரியில இன்ஜின் சுத்துற அளவுக்கு ஆயில் இளகி இருக்கான்னு சோதிக்கறாங்க. 15டபிள்யூவுக்கு மைனஸ் 20. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. சேலம் வெயில்ல முட்டையை ரோட்டுல ஒடைச்சா ஆம்லெட் ஆயிடும்னு பேசிக்கற ஊரு நம்ம ஊரு. இங்க பழைய இன்ஜினுக்கு அந்த மொதல் நம்பருக்காகக் கூடக் காசு குடுக்கறதுல பெரிய அர்த்தம் கெடையாது.

நமக்கு வேணுங்கறது பின்னாடி நம்பர். அது 100 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கற கணக்கு. 40ன்னா 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக் வரைக்கும், 50ன்னா 16.3ல இருந்து 21.9 வரைக்கும். இதுல ஒரு உள்குத்து இருக்கு. சூட்டுல நீர்த்துப் போகாம இருக்க ஆயில்ல ஒருவகைப் பாலிமர் கலக்கறாங்க. இன்ஜினுக்குள்ள அரைபட்டு அரைபட்டு அது துண்டு துண்டாப் போயிடும். அதனால 40ன்னு வாங்கி ஊத்தினது, நாலஞ்சாயிரம் கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 30 மாதிரி நடந்துக்கலாம். பேரிங் தேஞ்ச பழைய இன்ஜின்ல, மலை ஏறி சூடா நிக்கும்போது ஆயில் பிரஷர் இறங்கி லைட்டு மினுக்கறதுக்கு இது ஒரு காரணம்.

அப்ப 50 ஊத்திட்டா முடிஞ்சுதான்னா, இல்லீங்க. கெட்டி ஆயில் ஒரு தலைவலி மாத்திரை. தலைவலி ஏன் வருதுன்னு அது சொல்லாது. ஆயில் எங்க போகுதுன்னு தெரியாம எந்த ஆயில்னு பேசறது வெட்டிப்பேச்சுன்னு எனக்குத் தோணுச்சு. ஆம்னிக்கு மொத்த ஆயிலே மூணு லிட்டருக்குள்ளதான். அதுல ஒரு லிட்டர் கொறைஞ்சா மூணுல ஒரு பங்கு காலி. மிச்சம் இருக்கறது 40ஆ 50ஆங்கறது அப்பறம் ரெண்டாம்பட்சம்.

அதனால அளக்க ஆரம்பிச்சோம். காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, சமதளத்துல வச்சு, சீட்டைத் தூக்கி, ஆயில் குச்சியைத் தொடைச்சு விட்டுப் பாக்கறது. கொறைஞ்சிருந்தா மேல் கோடு வரைக்கும் அளந்து ஊத்தறது. அளக்கறதுக்கு சித்தப்பா ஒரு காலி குவாட்டர் பாட்டில் கொண்டாந்தாரு. 180 மில்லி, அளவு கச்சிதம். (பாட்டில் யாருதுன்னு சித்தி கேட்டாங்க. நான் வாயே தொறக்கல.) கணக்கு நோட்டுல முட்டைக் கணக்குக்குப் பக்கத்துலயே எழுதி வச்சாரு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டரை குவாட்டர். சுமாரா 450 மில்லி.

அடுத்தது ஒழுகுதான்னு. ராத்திரி வண்டிக்கு அடியில தினத்தந்தியை விரிச்சு வச்சோம். காலையில ரெண்டு பொட்டு, ஒத்த ரூபா சைஸுல. ஒண்ணு டிரெயின் போல்ட் வாஷர், இன்னொண்ணு டாப் கவர் கேஸ்கட்ல இருந்து வழிஞ்சு வந்தது. ஆனா ரெண்டு பொட்டுல 450 மில்லி போகாதே!

மிச்சம் எரியுது. எரிஞ்சா நீலப்புகை. அது எப்ப வருதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. நான் பைக்குல ஆம்னிக்குப் பின்னாடியே கொல்லிமலை ஏறினேன். முட்டை லோடோட மூச்சு முட்ட ஏறும்போது புகை பெருசா இல்ல. ரிங்கு தேஞ்சிருந்தா அங்கதான் நல்லா வந்திருக்கணும். எறங்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு கியர்லயே எறங்கி, வளைவு திரும்பி மறுபடி மிதிக்கறப்ப, குப்புன்னு ஒரு நீலப்புகை. அடுத்த வளைவுலயும் அதே. காலையில மொதல் ஸ்டார்ட்லயும் ஒரு குப்பு.

பெட்ரோல் வண்டியில காலை எடுத்தா காத்து வழி மூடிக்கும், இன்ஜினுக்குள்ள உறிஞ்சல் பலமா இருக்கும். வால்வு தண்டுல இருக்கற ரப்பர் சீல் இறுகிப் போயிருந்தா, அந்த உறிஞ்சல்ல ஆயில் கசிஞ்சு உள்ள போகும். மறுபடி மிதிக்கும்போது மொத்தமா எரியும். (டீசல் வண்டியில அந்த மாதிரி உறிஞ்சல் கெடையாது, அதனால லாரிக்கு இந்தச் சோதனையை வச்சு முடிவு பண்ணாதீங்க.)

ஒறுதிப்படுத்திக்க மெக்கானிக் அண்ணன் கிட்டயே கம்ப்ரஷன் பாக்கச் சொன்னோம். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்தாரு. ரிங்கு போயிருந்தா அந்த ஆயில் இடுக்கை அடைச்சு கம்ப்ரஷன் நல்லா ஏறிடும். இதுல பெருசா ஏறல. அண்ணன் நேர்மையான ஆளு. "போர் வேண்டாங்க, ஹெட்டை மட்டும் கழட்டி வால்வு சீல் மாத்திக்கலாம்"னு அவரே சொல்லிட்டாரு. கேஸ்கட், வாஷர், கூலி எல்லாஞ் சேத்து ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

அதுக்கப்பறம்தான் ஆயில். சாதா மினரல் 20டபிள்யூ-50ஏ எடுத்தோம். காரணம் புகை இல்ல, மலை ஏறின சூட்டுல அந்த லைட்டு. டப்பாவுல ஏ.பி.ஐ. எழுத்தைப் பாக்கணும். எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு, சி-ல ஆரம்பிச்சா டீசலுக்கு. எஸ்.எல். 2001ல வந்தது, எஸ்.என். 2010ல, எஸ்.பி. 2020ல. பெட்ரோல்ல புதுசு பழசுக்கும் ஆகும். மாமா சொன்ன லாரி ஆயில் ஒண்ணும் பைத்தியக்கார யோசனை இல்ல. பல 15டபிள்யூ-40 டப்பாவுல சி.ஐ.-4 பிளஸ் கூடவே எஸ்.எல்.லும் போட்டிருக்கும். ஆனா அவரு பேரல்ல என்ன எழுதியிருந்துதுன்னு அழிஞ்சு போயிருந்துது, அதனால வேண்டாம்னுட்டோம். தம்பியோட 5டபிள்யூ-30 இந்த இன்ஜினுக்கு மெலிசு. அதே மாதிரி, 0டபிள்யூ-20 கேக்கற இப்பத்திய கார்ல யாராவது இந்தப் பதிவைப் படிச்சுட்டு 50 ஊத்திடாதீங்க சாமிகளா.

வெளிநாட்டுல அதிக தூரம் ஓடின வண்டிக்குன்னே தனி ஆயில் விக்கறாங்க. வால்வோலின் 2000த்துல ஆரம்பிச்சு வச்சது. இறுகின ரப்பர் சீலை இளக வைக்கற சரக்கெல்லாம் கலந்திருக்கும். 75,000 மைல், அதாவது 1,20,000 கிலோமீட்டர் தாண்டின வண்டிக்காம். மாமாகிட்ட சொன்னேன். "அது எங்க லாரிக்கு ஒண்ணரை வருசக் கணக்குடா"ன்னு சிரிச்சாரு.

இன்னொண்ணு, ஆயில் கறுத்துட்டா கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. கரியை உள்ள ஒட்ட விடாம தன்மேல ஏத்திக்கிட்டா கறுக்கத்தான் செய்யும். பால் காபி மாதிரி ஆனாத்தான் பயப்படணும், தண்ணி கலந்திருக்கலாம். அதே மாதிரி லைட்டு மினுக்காம நின்னு எரிஞ்சா, எந்த ஆயில்னு யோசிக்காம மொதல்ல இன்ஜினை நிறுத்துங்க.

வடிச்ச பழைய ஆயிலை சென்ட்ரிங் வேலைக்காரங்க பலகைக்குத் தடவ வாங்கிட்டுப் போறது இங்க வழக்கம். வாய்க்கால்ல ஊத்தறதுக்கு அது தேவலாம்னாலும், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்களுக்குப் போறதுதான் சரி.

வேலை முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. சோளக்காட்டுல நிறுத்தினா லைட்டு மினுக்கறதில்ல. நோட்டுல இப்ப ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை குவாட்டர்னு இருக்கு. ஐயாயிரத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லியிருக்கேன். பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாச்சு. காலி பாட்டில் மட்டும் இன்னும் ஆம்னி சீட்டுக்கு அடியில கெடக்கு, சித்தி அதை நம்பறதா இல்ல :-)