லாக்கருக்குள்ள இருக்குற என் இரண்டே கால் ரூபாய்

ரெண்டு வருஷம் முன்னாடி இண்டஸ்ட்ரியல் விசிட்னு எங்க பி.காம். கிளாஸ் ஹைதராபாத் போச்சு. (இண்டஸ்ட்ரி பாத்தது அரை நாள், பிரியாணி சாப்பிட்டது மூணு நாள். அத விடுங்க.) சௌமஹல்லா அரண்மனையில சாண்டிலியர், பழைய கார் எல்லாம் பாத்துட்டு, "நிஜாம் நகை எங்கண்ணா இருக்கு?"னு கைடுகிட்ட கேட்டேன். சிரிச்சிட்டு, "அதெல்லாம் ரிசர்வ் பேங்க்ல தம்பி"ன்னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். நிஜாமோட டிரஸ்டுகள்கிட்ட இருந்து, நீண்ட கோர்ட் கேசுக்கு அப்புறம், 1995-ல இந்திய அரசு சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கின 173 நகைகள். அதுல 184.75 காரட் ஜேக்கப் வைரமும் ஒண்ணு. கடைசி நிஜாம் அத பேப்பர் வெயிட்டா வச்சிருந்தாராம்! வாங்கினதும் நேரா ரிசர்வ் பேங்க் பெட்டகத்துக்குப் போயிடுச்சு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்துல 2001, 2007, 2019-ன்னு மூணு தடவை காட்டியிருக்காங்க. ஹைதராபாத்லயும் கொஞ்ச நாள் காட்டினாங்க. மத்த நாளெல்லாம் இருட்டுதான்.

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? அப்போ நாட்டுல ஏறத்தாழ 95 கோடி பேர். தலைக்கு இரண்டே கால் ரூபாய் சொச்சம். நான் அப்போ பொறக்கவே இல்ல, எங்கப்பா பங்கு எனக்கு வந்ததா வச்சுக்குங்க. அந்த 218 கோடிய 8 சதவீத கூட்டு வட்டிக்குப் போட்டிருந்தா 30 வருஷத்துல பத்து மடங்கு. ஆனா விக்கவும் மாட்டோம், பாக்கவும் மாட்டோம்னா இது என்ன சொத்து?

பாதுகாப்பு முக்கியம்தான், ஒத்துக்கறேன். ஆனா இஸ்தான்புல் தோப்காபி அரண்மனைய 1924-லயே மியூசியம் ஆக்கிட்டாங்க. அங்க 86 காரட் வைரத்த கண்ணாடிக்குப் பின்னாடி வச்சு டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. செலவும் வருது, ஜனமும் பாக்குது.

இத நான் ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கறேன்னா, எங்க பாட்டியோட அட்டிகை. முப்பது வருஷமா பேங்க் லாக்கர்ல. கல்யாணம்னா எடுப்பாங்க, மறுநாளே பூட்டிடுவாங்க. பின்பக்கம் ஆசாரி பொறிச்ச ரெண்டு எழுத்து இருக்கு. அது யாருன்னு பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் பாட்டி போயிட்டாங்க. இப்போ அட்டிகை பத்திரமா இருக்கு, அதோட கதைதான் இல்ல.

பழைய ராஜ நகைகள்லயும் பின்பக்கம்தான் விசேஷமாம். போட்டுக்கறவர் மட்டுமே பாக்குற எடத்துல கூட கலர் கலரா மீனாகாரி வேலை செஞ்சிருப்பாங்க. கண்ணுல காட்டினாத்தானே "இத யார் செஞ்சா, எப்படி செஞ்சா"ன்னு ஒரு பொண்ணோ பையனோ கேப்பாங்க? பெட்டகம் தங்கத்தக் காப்பாத்தும். கேள்விய யார் காப்பாத்துறது?

அடுத்த தடவை வெளிய எடுத்தா, எந்த ஊரா இருந்தாலும் போறேன். பங்குதாரர் இல்லையா! :)

வர்ட்டா...