இல்லை என்ற பட்டியல்

மறைமலைநகர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. வாடகை ஒப்பந்தம், மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகைக்கான மாதிரி என்று எதைக் கேட்டாலும் தட்டச்சு செய்து தருவார்கள். தனித்தமிழுக்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ஆனால் அந்தக் கடையில் இயங்குதளத்துக்குப் பெயர் "ஓஎஸ்" தான். 2010இல் அந்த ஓஎஸ்ஸை வைத்து ஒரு மாமாவும் அவருடைய அக்கா மகனும் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். 2025இல் அதே இருவர் அதே சண்டையை மறுபடியும் போட்டார்கள். ஆனால் பக்கம் மாறி!

முதலில் 2010. தமிழ்நாட்டில் மின்வெட்டு காலம். கடையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு மேசைக் கணினி. பாதி ஒப்பந்தம் அடித்திருக்கும்போது கரண்ட் போகும். வாடிக்கையாளர் பொறுமையாக நிற்பார், அப்புறம் "சிங்கபெருமாள்கோயில்ல அடிச்சிக்கிறேங்க" என்று கிளம்பிவிடுவார். யுபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு நெட்புக் வாங்கிவிடலாம் என்று மாமா கணக்குப் போட்டார். பேட்டரியில் சில மணி நேரம் ஓடும் குட்டி மடிக்கணினி. ஒரு ஜிபி நினைவகம், பத்து அங்குலத் திரை. அதில் வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்.

இந்த ஸ்டார்ட்டர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. வளரும் நாடுகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2004இல். இந்தியாவுக்கு அது 2005இல் இந்தியில் வந்தது. புதுக் கணினியோடு மட்டும்தான் கிடைக்கும், ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. நான்காவதைத் திறந்தால் ஒன்றை மூடு என்று சொல்லும். அடுத்து 2007இல் வந்த விஸ்டாவிலும் ஒரு ஸ்டார்ட்டர் இருந்தது, அதிலும் அதே மூன்று. விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபர் 22. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே மாதத்தில், மூன்று நிரல் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். இந்த முறை ஸ்டார்ட்டர் உலகம் முழுவதும் நெட்புக்குகளில் வந்தது.

மூன்று நிரல் கட்டுப்பாடு போய்விட்டது, சரி. மீதி? பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. கண்ணாடி போல மின்னும் ஏரோ கிடையாது. டிவிடி படம் பார்க்கும் வசதி கிடையாது. 32 பிட் மட்டும்தான். இரண்டு ஜிபிக்கு மேல் நினைவகம் ஏற்காது. இன்னும் ஒன்று, பட்டியலின் அடியில்: இரண்டாவது திரையை இணைத்தால் மேசைப்பரப்பை அதில் நீட்ட முடியாது.

அக்கா மகன் அப்போது கணினி அறிவியல் முதலாம் ஆண்டு. அவன் பார்வையில் இது ஒரு அவமானம்.

"மாமா, காசு குடுத்து வாங்குற மெஷின்ல வால்பேப்பர் கூட மாத்த முடியாதாம். இதுக்கு எக்ஸ்பியே மேல். அதுல எல்லாம் இருக்கு."

"எவன்டா என் கடைக்கு வந்து வால்பேப்பர் பாக்குறான்? பத்திரம் அடிக்குமா? பிரிண்ட் போகுமா?"

"போகும். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

மாமாவின் வாதம் எளிது. இல்லாததையெல்லாம் எழுதிக் கொடு, அதில் எனக்குத் தேவையானது எது என்று பார்க்கிறேன், ஒன்றும் இல்லையென்றால் வாங்கிவிடலாம். மறைமலைநகரில் இருப்பவருக்கு இப்படி யோசிப்பது இயல்பு. 1999இல் ஃபோர்டு ஐகான் கார் உருவான ஊர். காரில் குறைந்த விலை மாடல் என்றால் என்ன என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். பவர் விண்டோ இருக்காது, ஸ்டீரியோ இருக்காது. ஆனால் எஞ்சினும் பிரேக்கும் ஒழுங்காக இருக்கும். "ஊருக்குப் போய்ச் சேரணும், அவ்ளோதான்" என்பார் மாமா.

அக்கா மகனும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தான். மேலே வால்பேப்பர், ஏரோ, டிவிடி. இரண்டு பேரும் அந்த மேல் மூன்றை வைத்தே ஒரு மாதம் மோதினார்கள். கீழே இருந்த வரியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நெட்புக் வந்தது. கரண்ட் போனாலும் வேலை நிற்கவில்லை. மாமா ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து அங்குலத் திரையில் வாடிக்கையாளருக்கு எழுத்து தெரியவில்லை. முன்பெல்லாம் பெரிய மானிட்டரையே அவர் பக்கம் திருப்பிக் காட்டுவார், பெயரில் பிழை இருந்தால் அவரே சொல்லிவிடுவார். அதனால் பழைய மானிட்டரை நெட்புக்கில் மாட்டி, வாடிக்கையாளர் பக்கம் நிரந்தரமாகத் திருப்பி வைத்தார். அவருடைய ஆசை, அந்தத் திரையில் வாடிக்கையாளரின் பக்கம் மட்டும் தெரிய வேண்டும், தன் திரையில் மற்ற வேலை. முடியவில்லை. இங்கே என்ன தெரிகிறதோ அதுதான் அங்கேயும் தெரிந்தது. சரி, பழகிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்.

ஒரு மாலை. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வாடகை ஒப்பந்தம் வாங்க வந்திருந்தார். மாமா கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்து அவசரத்தில் வேறொன்றைத் தட்டிவிட்டார். வேறொருவர் வீட்டை அடமானம் வைப்பதற்காக அடிக்கச் சொன்ன கடிதம். மூடுவதற்கு சில நொடிதான் ஆகியிருக்கும். ஆனால் பெரிய மானிட்டர், பெரிய எழுத்து. அந்த அம்மா படித்துவிட்டார். கடிதத்தில் இருந்த பெயர் அவருக்குச் சம்பந்தியாக வர இருந்தவருடையது.

நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. கல்யாணம் என்னவோ சில மாதங்கள் கழித்து நடந்தது. அந்தக் கடிதம் அடிக்கச் சொன்னவர் மட்டும் அதன்பிறகு கடைக்கு வரவேயில்லை. ரயில் நிலையத்தில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓஎஸ் மேல பழி போடாதடா. மானிட்டரைத் திருப்பி வெச்சது நானு. தப்பு என்னோடது" என்றார் மாமா. உண்மைதான். ஆனால் அன்று ராத்திரி அக்கா மகன் தான் எழுதிய பட்டியலை எடுத்துப் பார்த்தான். கடைசி வரி அவன் கையெழுத்திலேயே இருந்தது.

அடுத்து நடந்ததுதான் மாமாவை உண்மையிலேயே கோபப்படுத்தியது. ரிச்சி தெருவுக்குப் போய் விண்டோஸ் எனிடைம் அப்கிரேட் வாங்கி வந்தார்கள். பெட்டிக்குள் வட்டு எதுவும் இல்லை, ஓர் எண் மட்டும். அதை அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்டார்ட்டர் போய் ஹோம் பிரீமியம் ஆகிவிட்டது. இரண்டு திரை, இரண்டு வேலை. வால்பேப்பரும் மாறியது.

"எங்கிருந்துடா வந்துச்சு இதெல்லாம்? நெட்ல இருந்து எறங்குச்சா?"

"இல்ல மாமா. ஏற்கனவே உள்ளதான் இருந்துச்சு. நம்பர் போட்டதும் தொறந்துக்கிச்சு."

"அப்போ இத்தனை நாளும் உள்ளயேதான் இருந்துச்சா?"

மாமாவின் கார் உவமை அங்கே உடைந்தது. காரில் பவர் விண்டோ இல்லையென்றால் அந்த மோட்டார் அங்கே இல்லை. அதைப் போடாததால் கம்பெனிக்குச் செலவு மிச்சம், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாங்குபவருக்கு. இங்கேயோ பொருள் முழுசாக உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பூட்டு மட்டும் கூடுதல்!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. விலைப் பாகுபாடு என்று பாடத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி 1849இலேயே ரயிலை வைத்து இதை விளக்கினார். அன்றைய மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை கிடையாது. கூரை போடப் பெரிய செலவு ஆகாது. ஏழையை நனையவிட வேண்டும் என்பதும் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவரைப் பயமுறுத்தத்தான் கூரை இல்லை என்றார். கணினி உலகிலும் இது பழைய கதைதான். 1991இல் இன்டெல் வெளியிட்ட 486எஸ்எக்ஸ் சில்லு, முழுச் சில்லான 486டிஎக்ஸிலேயே கணிதப் பகுதியை முடக்கி விற்கப்பட்டது. 1996இல் டெனக்கரே, மக்காஃபி என்ற இரண்டு பொருளாதாரவாதிகள் இதற்கு "சேதப்படுத்திய சரக்கு" என்றே பெயர் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஆனால் அவர்கள் வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை. சில சமயம் இப்படிச் சேதப்படுத்தி விற்பதால் விற்பவர், ஏழை வாடிக்கையாளர், பணக்கார வாடிக்கையாளர் எல்லோருக்குமே நன்மை வரலாம் என்றும் காட்டினார்கள். யோசித்தால் அதுவும் சரிதான். ஸ்டார்ட்டர் என்ற ஒன்று இல்லாமல் முழு விண்டோஸின் விலையும் நெட்புக் விலையில் ஏறியிருந்தால், மாமா வாங்கியிருக்கவே மாட்டார். மின்வெட்டில் கடை படுத்திருக்கும். நம் ஊர் மின்சார ரயிலையே பாருங்கள். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே வண்டி. ஒரே நேரத்தில்தான் மறைமலைநகர் வந்து சேர்கின்றன. இரண்டாம் வகுப்பில் வருபவர் யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. வண்டியில் ஏறும்போதே எது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்தத் தெரிதலில்தான் விஷயமே இருக்கிறது. மாமாவுக்கும் எழுதித்தான் கொடுத்தார்கள். ஆனால் நாளைக்குத் தன் வேலை எந்தப் பக்கம் வளரும் என்று அவருக்கு அன்று தெரியவில்லை. இன்று தேவையில்லாத வசதி என்றைக்கும் தேவைப்படாது என்று எப்படிச் சொல்வது?

இனி 2025. அக்கா மகனுக்கு இப்போது மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை. மாமா மகள் பி.காம் சேர்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்த மடிக்கணினியில் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பழைய இயந்திரத்தில் அது இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் புதிதாக ஒன்று பார்த்தார்கள். விலை குறைவு. ஆனால் வந்தது விண்டோஸ் 11இன் எஸ் முறையில். மைக்ரோசாஃப்ட் கடையில் இருக்கும் செயலிகளை மட்டும்தான் நிறுவ முடியும், உலாவி என்றால் எட்ஜ் மட்டும்தான்.

இந்த முறை அக்கா மகன்தான் "போதும்" கட்சி.

"படிக்கிற பொண்ணுக்கு இதுவே நல்லது மாமா. கண்டதையும் எறக்க முடியாது, வைரஸ் தொல்லை கம்மி."

"பட்டியல் எழுதுடா."

எழுதினான். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"காலேஜ்ல என்ன சாஃப்ட்வேர்ம்மா சொல்லித் தருவாங்க?"

"டேலி, அப்பா."

டேலியைத் தனியாக இறக்கித்தான் நிறுவ வேண்டும். எஸ் முறை அதை உள்ளே விடாது. பி.காம் மாணவிக்கு டேலி ஓடாத மடிக்கணினி, தையல்காரருக்கு ஊசி இல்லாத மெஷின் மாதிரி. அக்கா மகன் தலையைச் சொறிந்தான்.

"எஸ் முறையை விட்டு வெளிய வந்துடலாம் மாமா."

"எவ்ளோ கேப்பான்?"

"இலவசம்தான். ஆனா ஒரு தடவை வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படின்னா வாங்கலாம். இது பூட்டுதான், ஆனா சாவி நம்ம கையில இருக்கு. எப்போ தொறக்கணும்னு அவ முடிவு பண்ணட்டும்" என்றார்.

வாங்கினார்கள். அவள் சில வாரம் எஸ் முறையிலேயே வைத்திருந்தாள். டேலி வகுப்பு ஆரம்பிக்கும் முந்தைய நாள் அதிலிருந்து வெளியே வந்தாள். சண்டை ஒன்றும் வரவில்லை.

ஆக, குறைக்கப்பட்ட இயங்குதளம் வாங்கத் தகுந்ததா? மாமாவிடம் கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். எதெல்லாம் இல்லை? அது செய்ய முடியாததால் இல்லையா, பூட்டி வைத்ததால் இல்லையா? பூட்டு என்றால் சாவி யாரிடம், என்ன விலை? மூன்றுக்கும் பதில் தெரிந்து வாங்கினால் ஸ்டார்ட்டரும் நல்ல சரக்குதான். தெரியாமல் வாங்கினால் அல்டிமேட்டும் நஷ்டம்தான்.

கடையில் இப்போதும் இரண்டு திரைகள். வாடிக்கையாளர் பக்கம் இருப்பதில் அவருடைய காகிதம் மட்டும்தான் தெரியும். யாராவது உள்ளே வந்தால், கோப்பைத் திறப்பதற்கு முன் மாமா ஒரு தடவை எழுந்து எட்டி, அந்தத் திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.